சியனா நகர மக்கள் வாழ்ந்த வகை

வரலாறு என்றதும் முடிமன்னரும் போர்க்களமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஒரு நகரின் பெருமையை அளந்தறிய விரும்புவோர், அங்கே எளிய குடிமகன் எந்த நீரைப் பருகினான், எந்தச் சட்டத்துக்கு அடங்கி நடந்தான், அச்சட்டம் அவனுக்கு விளங்கியதா என்றும் கேட்டல் வேண்டும். இக்கேள்விகளுக்குத் தக்க விடை தரும் நகரங்களுள் ஒன்று, இத்தாலியின் தஸ்கனி நாட்டிலுள்ள சியனா.

நீர் வளம்

சியனா மூன்று குன்றுகளின் மீது அமைந்த நகரம். அருகில் பேராறு இல்லை. ஆகவே அந்நகரத்தார் குன்றின் அடியைக் குடைந்து சுரங்க வழிகள் அமைத்தனர். ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழிகள் இன்றும் இருக்கின்றன. மழைநீர் நிலத்தில் ஊறிச் சுரங்கச் சுவர்களில் கசியும். தரையில் வெட்டிய சிறு கால்வாயில் சேர்ந்து, மெல்லிய சரிவில் ஓடி, நகரின் ஊற்று மண்டபங்களை அடையும்.

இம்மண்டபங்களுள் புகழ் வாய்ந்தது பிராந்தா ஊற்று. 1081-ஆம் ஆண்டிலேயே அதன் பெயர் ஏட்டில் காணப்படுகிறது. இத்தகைய ஊற்றுகளில் தொட்டிகள் வரிசையாக அமைந்திருந்தன. முதல் தொட்டி மக்கள் குடிப்பதற்கு. அதில் நிரம்பி வழியும் நீர் கால்நடைகளுக்கு. அதிலும் வழிவது துணி வெளுப்பதற்கு. எஞ்சிய நீரும் தோல் பதனிடுவோர்க்கும் சாயத் தொழிலாளர்க்கும் பயன்பட்டது. குடிநீரை மாசுபடுத்துவோர் தண்டிக்கப்பட்டனர். பிற்காலத்தில் புனிதர் எனப் போற்றப்பெற்ற கத்தரீனா, 1347-இல் இவ்வூற்றின் அருகே ஒரு சாயக்காரர் வீட்டில் பிறந்தவரே.

ஒன்பதின்மர் ஆட்சி

1287 முதல் 1355 வரை இந்நகரை ஆண்டவர் ‘ஒன்பதின்மர்’ எனப்பட்டனர். ஒரு குழுவினர் பதவியிலிருக்கும் காலம் இரண்டே மாதங்கள். பிறகு வேறு ஒன்பதின்மர் வருவர். அதிகாரம் ஒருவர் கையில் வேரூன்றலாகாது என்பதே நோக்கம். நகரின் நடுவிலுள்ள கம்போ என்னும் பெருவெளியின் செங்கல் தளம் இன்றும் ஒன்பது பகுதிகளாகப் பிரிந்திருக்கக் காணலாம்.

இவர்கள் செய்த செயல்களுள் தலையாயது எதுவெனில், 1309-இல் நகரின் சட்டத் தொகுப்பை இலத்தீனிலிருந்து மக்கள் பேசும் மொழியில் பெயர்த்தெழுத ஆணையிட்டதேயாகும். இலத்தீன் அறியாத ஏழைகளும் பார்த்து, வேண்டுமாயின் படியெடுத்துக் கொள்ளும் வகையில், நல்ல தோல் ஏட்டில், பெரிய எழுத்தில், தெளிவாக எழுதி, கருவூல அலுவலகத்தில் வைக்க வேண்டும் என்பது அவ்வாணை. ரனியேரி கெஸ்ஸி என்னும் பத்திர எழுத்தர் மறு ஆண்டில் அப்பணியை முடித்தார். அந்நூல் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

ஓவியத்தில் ஒரு வகுப்பு

1338, 1339-ஆம் ஆண்டுகளில் ஒன்பதின்மர் கூடும் மண்டபத்தின் சுவர்களில் அம்புரோஜியோ லொரன்செத்தி நல்லாட்சியையும் கொடுங்கோன்மையையும் ஓவியமாகத் தீட்டினார். நல்லாட்சி நகரில் கொத்தர் வீடு கட்டுகின்றனர். கோவேறு கழுதைகள் சுமை கொணர்கின்றன. உழவன் பன்றியை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வருகிறான். கடைவரிசையினிடையே ஓர் ஆசிரியர் மாணாக்கர்க்குப் பாடம் சொல்கிறார். நல்லரசின் அடையாளங்களுள் பள்ளியும் ஒன்றென அன்றே கண்டனர்!

குறையும் முடிவும்

குறையில்லாத ஆட்சியன்று அது. ஒன்பதின்மர் பெரும்பாலும் செல்வ வணிகர். சட்டத்தைப் படிக்க உரிமை பெற்ற ஏழைக்கு அதை இயற்றும் அவையில் இடமில்லை.

1348-இல் கொள்ளைநோய் வந்தது. மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர் என்பர். அஞ்ஞோலோ தி தூரா என்னும் வரலாற்றுக் குறிப்பாளர், தம் மக்கள் ஐவரைத் தம் கையாலேயே புதைத்ததாக எழுதி வைத்தார். உலகிலேயே பெரிய கோயில்களுள் ஒன்றாக்கக் கருதி 1339-இல் தொடங்கிய திருப்பணி நின்றுபோயிற்று. அதன் வெற்றுச் சுவர் இன்றும் நிற்கிறது. 1355-இல் பிரபுக்களும் சிறு தொழிலாளரும் சேர்ந்து எழவே, ஒன்பதின்மர் ஆட்சியும் வீழ்ந்தது.

பெருமைக்கெனத் தொடங்கிய கோயில் முற்றுப் பெறவில்லை. மக்கள் தேவைக்கென அமைத்த ஊற்றும், அவர் மொழியில் எழுதிய நூலும் நிலைத்தன. கற்றவர்க்கு மட்டும் விளங்கும் சட்டம் பாதிச் சட்டமே என்பதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்த நகரம் சியனா. இதனை நம் மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று.