ஒரு சட்டிச் சமையலும் இரண்டு ஆற்றங்கரைகளும்

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பணிக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் இளையோர் சிலரின் அடுக்களைகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய பெயர் வழங்கி வருகிறது. ஃபஹீத்தா என்பது அப்பெயர். எலும்பு நீக்கிய கோழியை விரல் நீளத்திற்கு அரிந்து, வெங்காயம், குடைமிளகாய் ஆகியவற்றோடு ஒரே சட்டியில் வதக்கி, அன்னாசியோ மாம்பழமோ சேர்த்து இறக்கினால் இரவு உணவு ஆயத்தம். துலக்க வேண்டியதும் அந்த ஒரு சட்டிதான். மூத்தோர் இதற்கு இரண்டு தடைகளை எழுப்புகின்றனர். இது நம் மண்ணுக்கு அயலானது என்பது ஒன்று. இறைச்சியோடு பழத்தைச் சேர்த்துச் சமைப்பது நம் மரபன்று என்பது மற்றொன்று. இவ்விரு தடைகளையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். ஸ்பானிய மொழியில் 'ஃபாஹா' என்றால் இடுப்பில் கட்டும் பட்டை. 'ஃபஹீத்தா' என்றால் சிறுபட்டை. மாட்டின் விலாவுக்குக் கீழே, வயிற்றுப் பக்கமாக அமைந்த பட்டை போன்ற தசைக்கு அப்பெயர் வழங்கிற்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற்கும் மெக்சிகோவுக்கும் எல்லையாக ஓடுவது ரியோ கிராண்டே ஆறு. அதன் கரையிலிருந்த கால்நடைப் பண்ணைகளில் மெக்சிகோ வழிவந்த மேய்ப்பர்கள் வேலை பார்த்தனர். மாடு அறுக்கப்படும்போது நல்ல வெட்டுகள் உரிமையாளருக்கும் சந்தைக்கும் போகும். தலை, தோல், குடல், அந்த முரட்டுப் பட்டைத் தசை ஆகியவை மேய்ப்பர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகத் தரப்படும். அவர்கள் அதனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தீயில் வாட்டி, மெல்லியதாக அரிந்து, ரொட்டியில் சுருட்டி உண்டனர். 1930களை ஒட்டிய இவ்வழக்கத்தின் வேரை 1980களில் டெக்சாஸைச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர் தேடிச் சென்று பதிவு செய்தார். 1969இல் சன்னி ஃபால்கன் என்பவர் டெக்சாஸின் கைல் என்னும் ஊரில் நடந்த விழாவொன்றில் கடை போட்டு இதனை விற்றார். 1980களில் உணவகங்கள் இதனை இரும்புத் தட்டில் சீறச் சீறப் பரிமாறத் தொடங்கின. கோழியும் பிறவும் பிற்காலத்துச் சேர்க்கைகள். கூலியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட வெட்டு அதன் பிறகு விலையுயர்ந்த வெட்டாயிற்று!

இனி, அயல் என்னும் தடைக்கு வருவோம். இந்தச் சட்டியில் அயலானவை எவை? கோழி ஆசியப் பறவை. ஸ்பானியர் கொண்டு சென்ற பிறகே அது மெக்சிகோவின் முற்றங்களில் மேய்ந்தது. எலுமிச்சையும் வெங்காயமும் சீரகமும் கொத்தமல்லியும் அவ்வாறே கிழக்கிலிருந்து மேற்கே கடல் கடந்தவை. மாறாக, மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் அன்னாசியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர், போர்ச்சுகீசியரின் கப்பல்கள் வழியே மிளகாயும் அன்னாசியும் இந்தியக் கரைகளை அடைந்தன. சோழநாட்டுத் துறைமுகமாகிய நாகப்பட்டினத்தில் அவர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே குடியேறி, 1658இல் டச்சுக்காரரிடம் அதனை இழக்கும் வரை வணிகம் நடத்தினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இதற்குச் சான்று வேண்டுவோர் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்லலாம். இராசராசன் காலத்தில், 1010ஆம் ஆண்டை ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் திருவமுதுக்கு வேண்டிய பண்டங்கள் பேசப்படுகின்றன. அரிசி, நெய், பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், சர்க்கரை, புளி, தயிர், வாழைப்பழம், உப்பு என அவை நீள்கின்றன. மிளகாய் மட்டும் இல்லை, இருக்கவும் முடியாது. நம் மொழியும் இதே செய்தியைச் சொல்கிறது. வந்த காய்க்குப் பழைய மிளகின் பெயரையே ஏற்றி 'மிளகாய்' என்றோம். மணத்தக்காளியை அறிந்திருந்த நாம், அதனை ஒத்த புதிய பழத்தையும் 'தக்காளி' என்றே அழைத்தோம். சோளம் நம்முடையது, புதிதாக வந்த சோளத்திற்கு மக்காவின் பெயரை முன்னொட்டாக்கி வேறுபடுத்தினோம். 'அன்னாசி' தென்னமெரிக்கப் பழங்குடியினரின் சொல், போர்ச்சுகீசியர் நாவழியே வந்தது. மிளகாய் இல்லாத குழம்பை இன்று யாரேனும் கற்பனை செய்வரோ? ஐந்நூறு ஆண்டுப் பழக்கம் அயலை உறவாக்கிவிட்டது.

பழத்தை அடுப்பிலேற்றுவது மரபன்று என்னும் தடை இதனினும் வலுவற்றது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்றியர் சமைத்த இனிய புளிச்சோறு, சுட்ட ஆமான் இறைச்சியோடு பாணர்க்குக் கிடைக்கிறது. புளி என்பது பழந்தானே! பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் இல்லத்தில் மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, மிளகுப்பொடி கலந்து, கறிவேப்பிலையிட்டு, வெண்ணெயில் வேகவைக்கின்றனர். இன்றும் காவிரிக் கடைமடையில் மாங்காய் போட்ட மீன்குழம்பு இல்லாத கோடை உண்டா? புளிப்பையும் இனிப்பையும் ஊனோடு இணைக்கும் நாக்கு நமக்கு நெடுங்காலமாகவே வாய்த்திருக்கிறது.

எனினும் இவ்விரு விடைகளோடு கட்டுரையை முடித்துக்கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. ஃபஹீத்தாவின் வரலாற்றில் நம்மை நிறுத்துவது அதன் கூலிக் கதையே. அதனைப் படிக்கும் தஞ்சை மாவட்டத்தார் எவருக்கும் தம் ஊர்க் களத்துமேடு நினைவுக்கு வந்தே தீரும்.

காவிரிப் படுகையின் சமையல் என்றதும் நாம் எடுத்துக்காட்டுவது அரண்மனையைத்தான். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் அடுக்களையைச் சார்ந்த 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்னும் மராத்தி நூலைச் சரஸ்வதி மகால் நூலகம் பதிப்பித்துள்ளது. சைவமும் அசைவமும் மட்டுமன்றி ஐரோப்பியர் சமையல் முறைகளும் அதில் இடம்பெற்றுள்ளன. சுவார்ட்சு பாதிரியாரிடம் கல்வி பெற்ற மன்னரின் அரண்மனை, அயல்நாட்டுச் சமையலை விருப்பத்தோடு வரவேற்றதில் வியப்பில்லை. அந்த அடுக்களையில் ஆள்பலம் இருந்தது. எழுதிவைக்க எழுத்தரும் இருந்தனர்.

அதே படுகையில் நடவு நட்டும் கதிரறுத்தும் வாழ்ந்த பண்ணையாள் குடும்பத்தின் நிலை வேறு. கூலி நெல்லாக அளக்கப்பட்டது. விடியுமுன் வயலுக்குப் போன பெண் இருட்டிய பின் திரும்பி, நெல்லைக் குத்தி உலையேற்ற வேண்டும். குழம்புக்கு என்ன செய்வது? வாய்க்காலில் கிடைத்த கெண்டை, குரவை. வரப்பு வளையில் பிடித்த நண்டு. வயலில் பொறுக்கிய நத்தை. இவை எந்த மரக்காலாலும் அளக்கப்படாதவை. ஒரே மண்சட்டியில் புளியோ மாங்காயோ இட்டுக் கொதிக்கவைத்தால் இரவு உணவு முடிந்தது. ஒரு சட்டிச் சமையல் அங்கே எளிமை பற்றிய விருப்பம் அன்று. நேரமும் விறகும் ஏனங்களும் இல்லாமையின் விளைவு.

அந்தக் கூலி நெல்லின் அளவுக்காகவே இம்மண்ணில் பெரும் போராட்டங்கள் நிகழ்ந்தன. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும் கூலி உயர்வு கேட்ட பூசலின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மடிந்தனர். ரியோ கிராண்டே கரையின் மேய்ப்பருக்கும் காவிரிக் கரையின் பண்ணையாளுக்கும் இடையே கடல்கள் கிடக்கின்றன. ஆயினும், பிறர் வேண்டாமென்று விட்டதைக் கொண்டு சுவையான இரவு உணவை ஆக்கிய அறிவு இருவருக்கும் பொது.

இத்தகைய உணவை நம் இலக்கியம் அறியாததன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த ஊனை இரவும் பகலும் மென்று பொருநரின் பற்கள் கொல்லை உழுத கொழுப்போல மழுங்கின என்ற செய்தியை நாம் வகுப்பறைதோறும் சுவைபடச் சொல்லி வருகிறோம். அதே சோழநாட்டைப் பாடும் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் வலிய தொழில் செய்யும் மக்கள் சுட்ட இறாலைத் தின்று, அவித்த வயலாமையை உண்ட காட்சியையும் தீட்டுகிறது. உருத்திரங்கண்ணனார் அந்த உணவைப் பாடத்தகாததாகக் கருதவில்லை. அதற்குப் பின்வந்த சுவடிகள்தாம் பெரும்பாலும் அரண்மனையோடும் மடைப்பள்ளியோடும் நின்றுகொண்டன.

இனி, செய்முறையையும் கூறிவிடுவோம். நால்வர்க்கு அரைக் கிலோ எலும்பில்லாக் கோழி போதும். விரல் நீளத்தில் அரிந்து, உப்பு, மிளகாய்த்தூள், சீரகத்தூள், சிறிது எண்ணெய் சேர்த்துப் பிசிறி வைக்கவும். அன்னாசிச் சாற்றில் ஊறவைப்போர் அரைமணி நேரத்தைக் கடவாதிருப்பது நன்று. இறைச்சியின் புரதத்தைச் சிதைக்கும் நொதி அதில் இருப்பதால், மிகுதியாக ஊறினால் கறி குழைந்துவிடும். கனமான இருப்புச்சட்டியை நன்றாகக் காயவைத்து, கோழியை இரண்டு தவணையாக இட்டு வதக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நீர்விட்டு அவியுமேயன்றி வறுபடாது. வெந்ததை ஒதுக்கிவைத்து, அதே சட்டியில் இரண்டு வெங்காயம், இரண்டு குடைமிளகாய் ஆகியவற்றின் நீளத் துண்டுகளை நிறம் மாறும் வரை வதக்கவும். ஒரு கிண்ணம் அன்னாசித் துண்டுகளைச் சேர்த்து, ஓரம் சிவந்ததும் கோழியை மீண்டும் இட்டுக் கிளறி, எலுமிச்சை பிழிந்து இறக்கவும். கோடையில் செங்காயான மாங்காய் கிடைத்தால் எலுமிச்சையும் வேண்டா. சப்பாத்தியில் சுருட்டலாம், சோற்றோடு பிசைந்தாலும் குற்றமில்லை.

இதனை உண்ணும் இளையோரை நாம் குறைகூறப் போவதில்லை. அவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. ஃபஹீத்தாவுக்கு வரலாறு கிடைத்தது, ஒரு மாணவர் முதியவர்களைத் தேடிச் சென்று கேட்டதனால். கூலி நெல் வாங்கி உலைவைத்த பெண்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். பூச்சிமருந்து பெருகிய பின் வயல் மீனும் நத்தையும் அருகிவிட்டன. நண்டின் ஓட்டை எப்படி இடித்தார்கள், எந்த மீனுக்கு எந்த மாங்காய், புளி கரைக்க நேரமில்லாத நாளில் என்ன செய்தார்கள் என்பவை அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. திருவாரூர், மன்னார்குடி, நாகைப் பகுதிகளின் தமிழ் மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு பாட்டியிடமேனும் கேட்டு எழுதிவைத்தால், சரஸ்வதி மகாலின் சுவடிக்கு அருகே வைக்கத்தக்க இன்னொரு பாகசாத்திரம் உருவாகும். அதற்கு இன்னும் பத்தாண்டு காத்திருக்க இயலாது.