வீட்டு விளக்கும் சந்தை விலையும்

அரிசியின் விலை ஏறினால், கடைக்குச் சென்றவுடனே இல்லத்தரசி அறிந்துகொள்கிறாள். ஒரு படி குறைத்தும் வாங்குகிறாள். மின்சாரம் அத்தகையதன்று. விசையைத் தட்டியதும் விளக்கு எரிகிறது. விலை பின்னரே தெரிகிறது. இத்தகைய பண்டத்தைச் சந்தையின் போக்கிலேயே விட்டுவிட்டால் குடும்பங்களின் கதி என்னவாகும்? இதற்கு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநில வரலாறு விடை தருகிறது என்பது என் கருத்து.

அம்மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி, 2002 முதல் பெரும்பாலான வீட்டார் தத்தம் மின் விற்பனையாளரைத் தாமே தெரிந்தெடுக்க வழி செய்தது. நிலையான கட்டணத்தில் விற்றோர் பலர். 'கிரிடி' என்னும் நிறுவனமோ மாதம் 9.99 டாலரைத் தன் ஊதியமாகக் கொண்டு, மொத்தச் சந்தையின் விலையையே வீடுகளுக்கும் விதித்தது. சாதாரண நாட்களில் அது யூனிட்டுக்குச் சில சென்டுகளே. ஏறத்தாழ 29,000 பேர் அதில் சேர்ந்திருந்தனர்.

2021 பிப்ரவரியில் கடும் பனிப்புயல் வீசிற்று. எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் உறைந்தன. பற்றாக்குறையை விலை காட்டவேண்டும் என்று கருதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளைப்படி, மொத்த விலை யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சவரம்பில் ஏறத்தாழ நான்கு நாட்கள் நின்றது. நாளொன்றுக்கு 50 யூனிட் செலவிடும் வீட்டுக்கு ஒரு நாள் கணக்கே 450 டாலர்! வேறு விற்பனையாளரிடம் செல்லுமாறு கிரிடியே முன்னதாக எச்சரித்தது. ஆயினும், அவ்வேளையில் புதியவரை ஏற்பார் அரிதாயினர்.

விலை ஏறினால் நுகர்வு குறையும் என்பர் பொருளியலார். குளிரில் நடுங்கும் முதியவர் கணப்பை அணைப்பாரா? உறைந்த குழாயை விலை உருக்குமா? உச்சவரம்பு இருந்தது உண்மையே. ஆனால் அது மொத்த வணிகத்துக்கென வகுத்த வரம்பு. குடும்பத்தின் வருவாயை எண்ணி வகுத்ததன்று.

மார்ச்சில் கிரிடி திவாலாயிற்று. வாடிக்கையாளரின் நிலுவைகள் பின்னர் தள்ளுபடியாயின. மொத்தச் சந்தை விலையோடு நேரே பிணைந்த திட்டங்களை வீடுகளுக்கு விற்பதை அவ்வாண்டே சட்டம் தடுத்தது. 2022 முதல் உச்சவரம்பும் யூனிட்டுக்கு 5 டாலராகக் குறைந்தது.

நிலையான கட்டணமும் இலவசக் காவலன்று. புயலின் செலவில் ஒரு பகுதி கடன் பத்திரங்களாக மாறி, பல ஆண்டுக் கட்டணங்களில் பங்கிடப்பட்டது. எனினும் நேயர்களே, பலர் பல ஆண்டுகள் சுமக்கும் பாரம் வேறு. ஒரு குடும்பத்தின் தலையில் நான்கே நாட்களில் விழும் பாரம் வேறு. இவ்வேறுபாட்டைக் காப்பதே நல்ல சட்டத்தின் கடமை.