தாழம்பழத்து ரொட்டி

தாழையை நாம் பூவாக மட்டுமே வைத்துக்கொண்டோம். பின்னலில் தைக்க, பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே போட்டு வைக்க, புதரண்டை போனால் பாம்பு என்று பிள்ளைகளை மிரட்ட. தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மணக்கிற மடல் ஆண் மரத்தினுடையது. பெண் மரத்தில் அன்னாசி போலத் தொங்குகிற காயை நம் கடற்கரையில் யாரும் சீண்டுவதில்லை. வங்கக் கடலைக் குறுக்கே தாண்டி நிக்கோபாருக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே பூவைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. பழம்தான் எல்லாம். அந்தப் பழத்திலிருந்து தீவுக்காரர்கள் ரொட்டி செய்தார்கள். கோதுமை என்ற ஒன்றைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே.

நம் தாழையும் அதுவும் ஒன்றல்ல, ஒரே குடும்பத்து உறவு. நன்கவுரித் தீவுக்காரர்கள் அதை லாரோம் என்பார்கள். தாவரவியல் பெயரிலும் அந்தச் சொல்லே லேரம் என்று ஒட்டிக்கொண்டது. போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் மெல்லோரி. ஆங்கிலேயர் நிக்கோபார் ரொட்டிப்பழம் என்று எழுதிவைத்தார்கள். முழுப்பழம் ஒன்று பத்து கிலோவைத் தாண்டும். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்.

இந்த ரொட்டியின் பயணம் மரத்தில் தொடங்குவதாக நினைப்போம். உண்மையில் மண்ணில் தொடங்குகிறது, அதுவும் வேறொரு தீவின் மண்ணில். பழத்தை வேகவைக்கப் பெரிய பானை வேண்டும். நிக்கோபார் முழுவதற்கும் பானை வனையும் உரிமை சௌரா என்ற சின்னத் தீவுக்கு மட்டும். சௌராவில் நல்ல களிமண் இல்லை. பக்கத்துத் தெரஸாவுக்குத் தோணி கட்டிப் போய் மண் எடுத்து வந்து, சக்கரம் இல்லாமல் கையாலேயே பெண்கள் வனைந்தார்கள். மற்ற தீவுக்காரர்கள் வனைந்தால் தீங்கு வரும் என்ற நம்பிக்கை இந்த உரிமைக்குக் காவல். நிக்கோபாரில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹொரேஸ் மேன் 1894-இல் இந்தப் பானைகளைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். பானைக்குப் பானை வனைந்தவளின் அடையாளக் குறி இருந்ததையும் குறித்திருக்கிறார். கார் நிக்கோபார்க்காரர்கள் பானை வாங்குவதற்கென்றே கடலில் தோணி ஓட்டிச் சௌராவுக்குப் போவார்கள். ஆக, அடுப்பில் ஏறும் முன்பே இந்த ரொட்டிக்காக மூன்று தீவுகள் வேலை செய்திருக்கும்.

பிறகு பழம். சுளைகளைப் பிரித்துப் பானையில் அடுக்கி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வாயை இலையால் மூடி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவிட வேண்டும். வெந்த சுளையில் நார்தான் அதிகம். நாருக்கு நடுவே இருக்கிற மாவுச் சதையைக் கிளிஞ்சல் ஓட்டால் சுரண்டி எடுப்பார்கள். எடுத்ததைப் பிசைந்து, மிச்சமிருக்கும் நாரையும் இழுத்துப் போட்டு, பெரிய கட்டியாக உருட்டி, இலையில் சுற்றி வைத்தால் நாள்கணக்கில் இருக்கும். வேண்டும்போது ஒரு துண்டு வெட்டி, திரும்ப ஆவி காட்டிச் சாப்பிடலாம். மஞ்சள் நிறம், லேசான இனிப்பு. மீனோடும் பன்றிக்கறியோடும் தேங்காயோடும் ஒத்துப்போகும். புளிக்க வைப்பதில்லை, சுடுவதில்லை. அப்படியானால் இது ரொட்டியா என்று ஒரு பேக்கரிக்காரர் கேட்கலாம். இட்லியை ஆவியில் அவித்துத் தின்கிற நாம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது நல்லது.

இதை முதன்முதலில் விரிவாக எழுதி வெளியுலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் ஓர் இத்தாலியர், நிக்கோலா ஃபொந்தானா. 1778-இல் ஆஸ்திரியப் பேரரசின் கொடியோடு ‘ஜோசப் உண்ட் தெரேசியா’ என்ற கப்பல் நன்கவுரித் துறைமுகத்துக்கு வந்து, இந்தத் தீவுகள் இனி எங்களுடையவை என்று அறிவித்தது. அந்தக் கப்பலின் மருத்துவர் அவர். ஆஸ்திரியர்களின் ஆட்சி சில வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஃபொந்தானாவின் கட்டுரை மட்டும் பிழைத்தது. 1790-களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழில் வந்த அதன் தலைப்பிலேயே மெல்லோரிப் பழம் இருந்தது. அந்த மரத்தின் தாவரவியல் பெயருக்குப் பின்னால் வில்லியம் ஜோன்ஸ், ஃபொந்தானா இருவர் பெயரும் இன்றைக்கும் வால்போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு பேரரசு கோட்டை விட்ட இடத்தில் ஒரு பழம் புத்தகம் ஏறியது.

அந்தக் கப்பல் வந்தபோது நன்கவுரியில் ஏற்கெனவே ஜெர்மன் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசியவர்கள் நம்மூர் வழியாகப் போனவர்கள். சாக்சனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட மொராவியச் சபையினர் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பக்கத்தில் தோட்டம் போட்டுக் குடியேறினார்கள். தரங்கம்பாடி அப்போது டென்மார்க்குக்குச் சொந்தம்; 1756 முதல் நிக்கோபாரும் தங்களுடையது என்று டேனியர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1768-இல் சபையின் சகோதரர்கள் சிலர் நன்கவுரிக்குக் கப்பலேறினார்கள். கோதுமைக்கு உறவான ரை தானிய ரொட்டியைத் தின்று வளர்ந்த தச்சர், நெசவாளர் போன்ற கைத்தொழில்காரர்கள். தரங்கம்பாடியிலிருந்து கப்பல் வந்தால்தான் அவர்களுக்குச் சாமான். மலேரியா போன்ற விஷக்காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. பதினோரு பேர் நன்கவுரியிலேயே புதைந்தார்கள். இன்னும் பதின்மூன்று பேர் தரங்கம்பாடி திரும்பிய பின் செத்தார்கள். 1787-இல் கடையைக் கட்டினார்கள். கடைசிவரை இருந்த ஹென்ஸல் என்பவர் செலவுக்குச் சங்கு, சிப்பி, பாம்பு எல்லாம் பிடித்துத் தரங்கம்பாடியில் விற்றதைப் பிற்காலத்தில் கடிதங்களாக எழுதினார்.

இங்கேதான் என் கண்ணில் ஒன்று படுகிறது. தீவுகளை ஆள வந்த ஒவ்வொருவரும் தங்கள் ரொட்டியைக் கப்பலில் கொண்டு வந்தார்கள். ஏனென்றால் அந்தமானிலும் நிக்கோபாரிலும் கோதுமை விளையாது. மழையும் புழுக்கமும் அதற்கு ஆகாது. கப்பல் நின்றால் ரொட்டி நிற்கும்.

இதற்குச் செங்கல் சாட்சி போர்ட் பிளேருக்கு எதிரே ராஸ் தீவில் இருக்கிறது. 1858 மார்ச்சில் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்திறங்கிய பிறகு, இந்தச் சின்னத் தீவுதான் தலைமையிடம். தேவாலயம், அச்சகம், டென்னிஸ் திடல், நீச்சல்குளம், கூடவே ஒரு பேக்கரி. கீழ்த்திசையின் பாரிஸ் என்று ஆங்கிலேயரே அதற்குப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். துரைமார்களுக்குத் தினமும் சுடச்சுட ரொட்டி. கடலுக்கு அந்தப் பக்கம் செல்லுலர் சிறையில் செக்கிழுத்தவர்களுக்குக் களி மாதிரி வெந்த சோறும் காய்ந்த ரொட்டியும். இரண்டுக்குமான மாவு ஒரே கடலைத் தாண்டி வந்ததுதான். 1941 ஜூன் 26-ஆம் தேதி நிலநடுக்கம் கட்டடங்களைப் பிளந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இறங்கினார்கள். அதன்பின் நேச நாட்டுக் கப்பல்களின் முற்றுகை; மாவு, அரிசி, எதுவும் வரவில்லை. பட்டினி முற்றி, 1945 ஆகஸ்டில் ஜப்பானியர் போர்ட் பிளேர் மக்கள் நூற்றுக்கணக்கானோரைப் பயிர் செய்ய என்று சொல்லி ஹாவ்லாக் பக்கம் கொண்டுபோய்க் கடலில் இறக்கிவிட்டார்கள், பெரும்பாலோர் மூழ்கினார்கள். ராஸ் தீவுக்கு இப்போது நேதாஜியின் பெயர். அந்த பேக்கரிச் சுவரை ஆலமர இனத்து வேர்கள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. சுற்றுலா வழிகாட்டிகள் அங்கே நின்று படம் எடுக்கச் சொல்வார்கள்.

நிக்கோபாருக்குள் கோதுமை வேறு வழிகளில் நுழைந்தது. 1890-களில் சென்னையிலிருந்து போன வேதப்பன் சாலமன் என்ற தமிழர் கார் நிக்கோபாரில் அரசு முகவராகவும் போதகராகவும் இருந்தார். அவரிடம் படித்த சிறுவன் ஒருவன்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். இந்தத் தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரும் அவரே. சபை வந்தால் திருவிருந்து வரும், திருவிருந்துக்குக் கோதுமை அப்பம் வேண்டும். 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றினார்கள். கோதுமை மாவைத் தேங்காய்ப்பூவோடு பிசைந்து கல்லில் சுடுகிற ரொட்டி மலையக லயங்களின் அன்றாடம். அந்தக் கைப்பழக்கம் கப்பலில் ஏறாமல் இருந்திருக்காது. 1969 முதல் பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் விரிகுடாவில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் வந்தன; பலர் பஞ்சாபியர். அவர்களுக்கு ரொட்டி இல்லாமல் விடியாது.

இவ்வளவுக்கும் லாரோம் தன் பாட்டுக்கு இருந்தது. அடி விழுந்தது 2004 டிசம்பர் 26 அன்று. ஆழிப்பேரலை கரையோரத் தென்னைகளையும் தாழைகளையும் கூட்டங்கூட்டமாக வாரியது. தரையே பல இடங்களில் தாழ்ந்தது. தெற்கு முனையில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடி நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கிக் கடலுக்குள் நின்றது. பிழைத்தவர்களைத் தகரக் கொட்டகைகளில் தங்கவைத்து அரிசியும் ஆட்டாவும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அது உயிர் காத்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நட்ட தாழை காய்க்கப் பல வருஷம் ஆகும். ரேஷன் மாவு கப்பல் வந்த அன்றே கிடைக்கும். சௌராப் பானையின் இடத்தில் ஏற்கெனவே அலுமினியத் தவலை வந்திருந்தது. மணிக்கணக்கில் வேகவைத்து, கிளிஞ்சலால் சுரண்டி, நார் எடுக்கிற வேலையை யார் செய்வது என்று ஒரு இளம் நிக்கோபாரிப் பெண் கேட்டால், அந்த உழைப்பில் பங்கெடுக்காமல் எட்ட இருந்து பாரம்பரியம் என்று உருகுகிற நம்மிடம் பதில் கிடையாது.

போர்ட் பிளேர் பேக்கரிகளில் பன், ரஸ்க், பஃப்ஸ் எல்லாம் உண்டு. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்த மைதா. லாரோம் ரொட்டி கிடையாது. நிக்கோபார் பழங்குடிப் பகுதிக்குள் போகவே தனி அனுமதி வேண்டும் என்பதால், பயணிகள் அதைத் தேடி ருசி பார்க்கவும் வழியில்லை. அப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு பழத்தை உணவக விருந்துப் பட்டியலில் ஏற்றினால் மரத்துக்கு என்ன ஆகும் என்பதை வேறு ஊர்களில் பார்த்தாகிவிட்டது.

லாரோமை இன்றும் அன்றாடச் சாப்பாடாக நம்பியிருப்பவர்கள் பெரிய நிக்கோபார்க் காட்டின் ஷோம்பென் மக்கள். 2011 கணக்கெடுப்பில் 229 பேர். லாரோப் என்று சொல்வார்கள். அவர்களுக்குச் சௌராப் பானையும் தேவைப்படவில்லை. மரப்பட்டையிலேயே பாத்திரம் கட்டி, இலை போட்டு, கீழே தீ மூட்டிப் பழத்தை அவிக்கும் முறையைப் பழைய பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் காட்டில் சுமார் 130 சதுர கிலோமீட்டரை எடுத்துத் துறைமுகம், விமான நிலையம், நகரம் கட்டும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி தந்தது. போகிற காட்டுக்கு ஈடாக மரம் நட வேண்டும் என்பது சட்டம். அதற்கு அரசு ஆவணங்கள் காட்டிய இடம் ஹரியானா. கோதுமை அங்கே நன்றாக விளையும். தாழை காய்க்குமா என்று தெரியாது.