தோட்ட மக்களும் இலவச வைத்திய சேவையும்

டயகம போன்ற பெருந்தோட்டங்களில் வைத்திய வசதியைத் தீர்மானித்தது பிரஜாவுரிமையல்ல, தோட்டப் பதிவேடே. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் சிகிச்சையைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. எனினும், கிராமத்தவர் அரச வைத்தியரை நாடியபோது, தோட்டத்தவர் பெரும்பாலும் தோட்ட வைத்திய உதவியாளரையே நம்பியிருந்தனர். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் இந்த இரட்டை நிலை முற்றாக நீங்கவில்லை.

2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராக எஞ்சியிருந்தோருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. இன்று சட்டத்தில் வேறுபாடில்லை, தூரத்தில் உண்டு. நாட்சம்பளத்தை இழந்து, வாகனக் கூலியும் கொடுத்து நுவரெலியாவில் பெறும் சிகிச்சை தொழிலாளிக்கு இலவசமாகாது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது வரவேற்கத்தக்கதே. எஞ்சியவற்றையும் வைத்தியர், மருந்து, அம்புலன்ஸ் வசதி சகிதம் பொறுப்பேற்பது சலுகையன்று, கடமை என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.