பள்ளிக்கூடமா, வீடா? அடையாறில் தொடங்கிய ஒரு பழைய வழக்கு

சோழபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. ஒன்பது வயதுப் பையனுக்கு லேசில் தீராத நோய். மாதம் ஒருமுறை மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். போய்வந்தால் இரண்டு நாள் படுக்கை. பள்ளி வருகைப் பதிவேட்டில் பாதி நாள் ஆப்சென்ட்! "ஏங்க, பேசாம வீட்ல வச்சே படிக்க வைப்போமா?" என்கிறார் அம்மா. "கூடப் படிக்க ஆளில்லாமப் பிள்ளை ஒத்தையாப் போயிருமே" என்கிறார் பாட்டி. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்பாவுக்குத்தான் தூக்கம் போச்சு.

இந்தக் கேள்வி இன்று முளைத்தது அல்ல. நூறு வருடங்களுக்கு முன்பே நம் சென்னையில் இதுபோல ஒரு காய்ச்சல்காரப் பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார்கள். அந்த விவகாரம் உயர் நீதிமன்றம் ஏறி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அந்தப் பையன்தான் பின்னாளில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி.

கடப்பாவில் வந்த காய்ச்சல்

கிருஷ்ணமூர்த்தி 1895ல் மதனப்பள்ளியில் பிறந்தவர். தந்தை நாராயணய்யா வருவாய்த் துறையில் வேலை பார்த்தார். 1896ல் அவருக்குக் கடப்பாவுக்கு மாற்றல் வந்தது. அந்த நாளில் மலேரியாவுக்குப் பெயர்போன ஊர் அது. மறு வருடமே, இரண்டு வயதில், குழந்தைக்கு மலேரியா. பிழைத்ததே பெரிது என்ற நிலை. அதே 1897 ஆகஸ்டில்தான் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். அதாவது, இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்பதே அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

உயிர் தப்பினாலும் காய்ச்சல் விடவில்லை. பல வருடங்கள் திரும்பத் திரும்ப வந்தது. மூக்கிலிருந்து ரத்தமும் கொட்டும். ஒரு முழு வருடம் பள்ளிக்கே போக முடியவில்லை. 1905ல் தாய் சஞ்சீவம்மாவும் இறந்துபோனார்.

ஓய்வு பெற்ற நாராயணய்யா பிரம்மஞான சபையில் வேலை கிடைத்து, 1909 ஜனவரியில் பிள்ளைகளோடு அடையாறுக்கு வந்தார். கிருஷ்ணாவும் தம்பி நித்யாவும் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கு நடந்தே போய்வந்தார்கள். தம்பி கெட்டிக்காரன். அண்ணனுக்குப் பாடம் ஏறவில்லை. மெலிந்த உடம்பு, விடாத இருமல், எங்கோ பார்க்கும் பார்வை. வாத்தியார் "மந்தம்" என்று முத்திரை குத்திவிட்டார். அநேகமாகத் தினமும் பிரம்படி. பையன் எத்தனை வருடப் படிப்பைக் காய்ச்சலில் இழந்தான் என்ற கணக்கை அந்த வகுப்பில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுப் படிப்பு

அந்த வருடம் அடையாறு கடற்கரையில் பையனைப் பார்த்தார் சபையின் முக்கியப் புள்ளியான லெட்பீட்டர். இவனே வரப்போகும் உலக ஆசான் என்று நம்பினார். பள்ளியில் அடி தொடரவே, தந்தையிடம் பேசி அண்ணன் தம்பி இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தினார். சபை வளாகத்திலேயே பாடம் ஆரம்பமானது. எர்னஸ்ட் வுட் உட்பட ஆளுக்கொரு பாடம் எடுத்தார்கள். நீச்சல், டென்னிஸ், சைக்கிள், நல்ல சாப்பாடு என்று உடம்பையும் கவனித்தார்கள்.

பலன் இருந்ததா? இருந்தது! பையன் தேறினான். ஆங்கிலம் சீக்கிரமே பேச வந்தது. "மந்தம்" என்ற பட்டம் பொய் என்று தெரிந்தது.

ஆனால் இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது அவனுடைய காய்ச்சலுக்காக மட்டுமல்ல. பெரியவர்களுக்கு அவனை வைத்து ஒரு திட்டம் இருந்தது. அவனுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கோர்ட்டுப் படி

1910 மார்ச்சில் நாராயணய்யா இரு மகன்களின் பாதுகாவலராக அன்னி பெசன்ட்டை ஏற்று எழுதிக் கொடுத்தார். 1912ல் பெசன்ட் அவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். லெட்பீட்டர் மீது நம்பிக்கை இழந்திருந்த தந்தை, பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு அந்த வருடமே வழக்குப் போட்டார். லெட்பீட்டரின் ஒழுக்கம் பற்றிக் கடுமையான புகார்கள் சொன்னார்.

1913 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பேக்வெல் தீர்ப்பு சொன்னார். தந்தை சொன்ன குற்றச்செயல் நடந்ததாக அவர் ஏற்கவில்லை. ஆனால் லெட்பீட்டரின் கருத்துகள் ஒழுக்கக்கேடானவை, சிறுவர்களுக்கு ஆசிரியராக இருக்க அவர் தகுதியற்றவர் என்றார். பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க உத்தரவு. மேல்முறையீட்டிலும் பெசன்ட் தோற்றார். விடாமல் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். அங்கே 1914 மே மாதம் தீர்ப்பு அவர் பக்கம் திரும்பியது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் இன்றைக்கும் உதவும்.

முதலாவது, பிள்ளை தந்தையின் சொத்து அல்ல. பாதுகாவல் என்பது ஒரு புனிதப் பொறுப்பு. வளர்க்கவும் படிக்க வைக்கவும் வேறொருவரிடம் விடலாம், ஆனால் அதைத் திரும்பப் பெறும் உரிமை தந்தைக்கு எப்போதும் உண்டு. வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். முகவருக்கு அதிகாரம் கொடுப்பது வேறு, சொத்தைக் கிரயம் செய்வது வேறு. ஆனால் அப்படித் திரும்பப் பெறுவது பிள்ளையின் நலனைக் கெடுக்கும் என்றால் நீதிமன்றம் தடுக்கும்.

இரண்டாவது, பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்காமலே அவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது தவறு. அப்போது அண்ணனுக்கு 19 வயது நெருங்கிவிட்டது. இருவரும் இங்கிலாந்தில் தங்கிப் படிக்கவே விரும்பினார்கள். இரண்டு பக்கமும் இவ்வளவு சண்டை போட்டு, கடைசியில்தான் "பையன்கள் என்ன சொல்கிறார்கள்?" என்ற கேள்வியே வந்தது!

பிறகு கிருஷ்ணமூர்த்தி லண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றார். வீட்டுப் படிப்பு தந்தது தேர்வு அறைக்குப் போதவில்லை. அந்தத் தேர்வில் சுலபமாகத் தேறிச் சட்டம் படித்த நித்யா 1925ல் காசநோயில் இறந்தார். 1929ல் கிருஷ்ணமூர்த்தி தனக்காக உருவாக்கப்பட்ட அமைப்பைக் கலைத்தார். பெரியவர்கள் போட்ட திட்டத்துக்கு அவர் சொன்ன பதில் அது. பிரம்படி வாங்கிய அதே மனிதரின் பெயரோடு சேர்ந்தே இன்று மதனப்பள்ளி அருகில் ரிஷி வேலிப் பள்ளி பேசப்படுகிறது.

இன்றைய சட்டம்

2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. 2012 திருத்தத்தின்படி, கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம். 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா போன்றவற்றையும் சேர்த்து 21 வகைகளைப் பட்டியலிட்டது. சர்க்கரை நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு அந்தப் பட்டியலில் தனி வகையாக இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனித்தேர்வர் முறையும், 1989ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் கைகொடுக்கின்றன.

சட்டம் கதவைத் திறந்து வைக்கிறது. போவதா வேண்டாமா என்று சொல்லாது. அதற்கு அடையாறு வழக்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சோழபுரத்து அப்பா கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்றுதான். பையனை வீட்டில் வைப்பது அவன் உடம்புக்காகவா, இல்லை பள்ளி அவனைச் சுமக்கத் தயங்குவதாலா? பள்ளியின் தயக்கம்தான் காரணம் என்றால், முதலில் பேச வேண்டியது தலைமை ஆசிரியரிடம். வீட்டில் வைத்தால் பாடம் சொல்லித் தருவது யார், தேர்வுக்கு வழி என்ன? ஒரு வருடம் கழித்து மனம் மாறினால் திரும்பிப் போக வகுப்பில் இடம் இருக்குமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பெயரை நீக்கச் சொல்லக் கூடாது.

இந்த மூன்றையும் கேட்பதற்கு முன்னால், கட்டிலில் படுத்திருக்கும் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நாராயணய்யாவும் கேட்கவில்லை, பெசன்ட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல, கடல் தாண்டி ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.