நூறு பேரில் ஒருவன்: சுடும் விளையாட்டுகளும் ஏலமலைச் சரிவின் கிறித்தவ அறவியலும்

போடிநாயக்கனூரிலும், முந்தலிலிருந்து போடிமெட்டுவரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்லும் ஏலமலைச் சரிவிலும் வாழும் கிறித்தவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையினரே. ஆயினும் மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தார், பெந்தெகொஸ்தே சபையார் எனக் கேளிக்கையைப் பற்றி வேறுவேறு நினைவுகளைச் சுமந்துவரும் மூன்று மரபுகள் அச்சிறு பரப்பில் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. கத்தோலிக்க மரபு திருவிழா மேடையில் நாடகம் வளர்த்தது. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் மதுரையில் ஊன்றிய சீர்திருத்த மரபு நேரத்தை வீணாக்குவதை ஐயத்தோடு நோக்கியது. பெந்தெகொஸ்தே மரபோ திரைப்படத்தையே உலகத்துக்குரியதென்று விலக்கியது. இம்மூன்றுக்கும் முன்னால் இப்போது நிற்பது, திறன்பேசியில் துப்பாக்கி ஏந்திப் பிறரைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு. இங்கே ‘வன்முறை விளையாட்டு’ என்னும் தொடர், கதையில் எங்கோ ஓரிடத்தில் சண்டை வரும் எல்லா விளையாட்டுகளையும் சுட்டாமல், எதிராளியைக் கொல்வதையே வெற்றிக்கு வழியாக விதித்திருக்கும் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்றவற்றை மட்டும் குறிக்கிறது.

இந்தக் கேள்விக்கு அரசின் சட்டம் விடை தந்துவிட்டது என்று கருதுவோர் பலர், அது சரியன்று. நடுவணரசு 2020 செப்டம்பர் 2 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்கீழ் 118 செயலிகளைத் தடுத்தபோது பப்ஜியும் அவற்றுள் ஒன்றாயிற்று. ஆனால் சொல்லப்பட்ட காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்புமே தவிர, திரையில் நிகழும் கொலையன்று. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடுக்கப்பட்டதும் அவ்வகைக் காரணத்தாலேயே. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தையும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையும் நோக்கி எழுந்தது. வன்முறையைப் பற்றி வாய்திறந்தது, விந்தையாக, நிறுவனந்தான். பப்ஜி 2021 ஜூலையில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்னும் புதுப் பெயரில் திரும்பியபோது, குருதி பச்சை நிறமாக்கப்பட்டது. ‘கொன்றான்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘முடித்தான்’ என்னும் பொருளுடைய சொல் வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் என வரம்பு வைக்கப்பட்டது. வன்முறை என்பது நிறத்திலும் சொல்லிலும் இருக்கிறது என்னும் எண்ணமே இம்மாற்றங்களுக்கு அடிப்படை. கிறித்தவ அறவியல் இந்த எண்ணத்தை ஏற்கலாகாது என்பதே இக்கட்டுரையின் முதல் வாதம்.

திருச்சபை வட்டாரங்களில் பரவலாகக் கேட்கப்படும் விடைகள் இரண்டு. திரையில் கொல்பவன் நாளை தெருவில் கொல்வான் என்பது ஒன்று. பொம்மையைச் சுடுவதில் யாருக்கும் கேடில்லை என்பது மற்றொன்று. முதல் விடை ஆய்வுச் சான்றின்மேல் நிற்க விரும்புகிறது, ஆனால் அந்தச் சான்று அவ்வளவு பாரம் தாங்காது. அமெரிக்க உளவியல் சங்கம் 2015இல், இத்தகைய ஆட்டங்களுக்கும் முரட்டுத்தனமான எண்ண, செயல் வெளிப்பாடுகளுக்கும் தொடர்புண்டு என்று தீர்மானித்தபோதும், குற்ற வன்முறைக்கு அவை காரணம் என்று கூறப் போதிய சான்றில்லை என்றது. 2020இல் கொடுங்குற்றங்களை இவ்விளையாட்டுகளின் தலையில் ஏற்றுவது அறிவியல்முறைப்படி சரியன்று என்று அழுத்தமாக மீண்டும் கூறியது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட, ஏறத்தாழ ஆயிரம் பிரித்தானியப் பதின்வயதினரைப் பற்றிய ஆய்வு, வன்முறை ஆட்டத்துக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு காணவில்லை. எனவே விளைவை மட்டும் நம்பிக் கண்டிக்கும் போதகர், அடுத்த ஆய்வு வெளிவரும்வரை மட்டுமே செல்லும் கண்டனத்தைச் செய்கிறார். இரண்டாம் விடையோ இன்னும் மெலிந்தது. யாருக்கும் கேடில்லை என்பது உண்மையானாலும், செய்பவனின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது; கிறித்தவ அறம் தொடக்கத்திலிருந்து கேட்டுவருவது அந்தக் கேள்வியைத்தான்.

அக்கேள்வியின் வரலாறு நீண்டது. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்தூலியன் ஏறத்தாழ கி.பி. 200இல் கேளிக்கைக் காட்சிகளைப் பற்றி எழுதிய நூலில், அரங்கில் நிகழும் கொலையைக் கண்டு மகிழ்பவன் அக்கொலையில் பங்காளி என்று வாதிட்டார். (அதே நூலின் இறுதியில், திருச்சபையைத் துன்புறுத்தியோர் இறுதித் தீர்ப்பில் எரிவதைக் காணும் பெருங்காட்சி நம்பிக்கையாளருக்குக் காத்திருக்கிறது என்று அவர் களிப்பதைப் படிப்பவர், பார்வை வெறி அவரையும் விடவில்லை என்று முடிவு செய்தால் தவறில்லை.) அகுஸ்தீன் தம் தன்வரலாற்று நூலின் ஆறாம் பகுதியில் நண்பர் அலிப்பியுசைப் பற்றிக் கூறுவது இதனினும் நுட்பமானது. வாள்வீரர் போட்டியை வெறுத்த அலிப்பியுசைத் தோழர்கள் இழுத்துச் செல்கின்றனர்; கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்தவரைக் கூட்டத்தின் ஆரவாரம் கண் திறக்க வைக்கிறது; திறந்த நொடியில் அவர் அந்த வெறியைப் பருகிவிடுகிறார். அகுஸ்தீனின் கவனம் குருதியைவிடத் தோழமையின்மேல் இருக்கிறது என்பது குறிக்கத்தக்கது; தனியாக இருந்திருந்தால் அலிப்பியுசு போயிருக்கவே மாட்டார். நால்வர் சேர்ந்து குரல்வழி பேசிக்கொண்டு ஆடும் இன்றைய ‘ஸ்குவாட்’ அமைப்பை அறிந்தவருக்கு இதன் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

எனினும் மரபு முழுவதும் கேளிக்கைக்குப் பகையானதன்று. தாமசு அக்குவினாசு தம் இறையியல் தொகுப்பில், உழைத்த உடலுக்கு ஓய்வு எப்படியோ அப்படியே உழைத்த மனத்துக்கு விளையாட்டு என்று கொண்டு, அளவறிந்து விளையாடும் இயல்பை அரிஸ்டாட்டிலின் ‘யூட்ரபேலியா’ என்னும் சொல்லால் ஒரு நற்பண்பாகவே வைத்தார். பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் அதே கிரேக்கச் சொல் விலக்க வேண்டிய கேலிப் பேச்சைக் குறிக்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் பண்பாகவும் ஓரிடத்தில் பிழையாகவும் நிற்பது இப்பொருளின் சிக்கலைத் தானே காட்டிவிடுகிறது.

நமக்கு மிகப் பயன்படுவது அக்குவினாசின் மற்றொரு கருத்து. ‘டெலெக்டாசியோ மொரோசா’ என்று இலத்தீனில் வழங்கும் அது, தீய செயலைச் செய்யாமலே அதன் நினைவில் மனம் இசைந்து தங்கி மகிழ்வதைக் குறிக்கும். இங்கே அவர் ஒரு வேறுபாடு செய்கிறார்: ஒன்றைப் பற்றிச் சிந்திப்பதில் வரும் இன்பம் வேறு, சிந்திக்கப்படும் பொருளில் கொள்ளும் இன்பம் வேறு. கொலையை ஆராய்பவன் தன் ஆராய்ச்சித் திறனில் மகிழலாம். கொலையில் மகிழ்ந்தால்தான் அது குற்றம். இவ்வேறுபாட்டைத் திறன்பேசி ஆட்டத்தில் பொருத்தினால், குறி பார்க்கும் திறமையிலும், காலடி ஓசையைக் கேட்டுப் பகைவன் இடத்தைக் கணிப்பதிலும், தோழனைக் காத்து நகர்வதிலும் சிறுவன் கொள்ளும் இன்பத்தைக் கொலையின்பம் என்று பெயரிட முடியாது. ஆனால் அதே ஆட்டத்தில் இன்னொன்றும் உண்டு. வீழ்ந்தவன்முன் நின்று தன் உருவத்தை ஆடவிட்டு எள்ளும் ‘எமோட்’ என்னும் அசைவு, குரல்வழி பாயும் வசை ஆகிய இவற்றில் இன்பம் திறமையை விட்டு நீங்கி, வீழ்ந்தவனின் சிறுமையில் போய்த் தங்குகிறது. மலைப்பொழிவில் இயேசு ‘கொலை செய்யாதே’ என்னும் கட்டளையை எடுத்துக்கொண்டு, உடன்பிறந்தவனை இகழ்ந்து பேசுபவனையும் அதே வரிசையில் நிறுத்தியதை (மத்தேயு 5:21–22) நினைத்தால், அறவியல் எடை துப்பாக்கிக் குண்டைக் காட்டிலும் எள்ளலின்மேல் அதிகம் விழ வேண்டும் என்பது தெளிவாகும். பச்சைக் குருதி இதனை ஒரு சிறிதும் மாற்றாது.

தமிழ்த் திருச்சபையின் சொந்த வழக்கமும் இதையே உறுதிப்படுத்துகிறது. வன்முறைக் காட்சிகளைத் திருச்சபை ஒருபோதும் மேடையேற்றவில்லை என்று கூற முடியாது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்படும் ஞானசௌந்தரியின் கதை கத்தோலிக்கர் நாடகமாகப் பேர்பெற்றது. இடைக்காட்டூர் போன்ற ஊர்களின் பாஸ்கா நாடகத்தில் சாட்டையடியும் ஆணியடியும் ஒளிக்கப்படுவதில்லை. ஆனால் அம்மேடைகளில் பார்வையாளர் எங்கே நிறுத்தப்படுகிறார் என்று நோக்க வேண்டும். அவர் கைவெட்டப்படுபவள் பக்கம் நிற்கிறார். சாட்டை பிடித்தவன் கையை அவருக்கு யாரும் தருவதில்லை. சுடும் விளையாட்டு இவ்விடத்தைத் தலைகீழாக்கி, துப்பாக்கிக்குப் பின்னால் மட்டுமே கண்ணை வைக்கிறது. இதற்கு மறுப்பாகக் குதிரைமேல் வாளோங்கி வரும் சந்தியாகப்பரைச் சுட்டலாம். எசுப்பானிய மண்ணில் முசுலிம்களை வெட்டுபவராக வழிபடப்பட்ட அப்படிமம் தமிழகக் கடற்கரையிலும் உள்நாட்டிலும் வேரூன்றியிருக்கிறது. இம்மறுப்பை மழுப்பாமல் ஏற்றுக்கொள்வதே நேர்மை: வெட்டுபவன் கண்ணால் பார்க்கும் பழக்கம் திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்ததன்று.

உலகத் திருச்சபைகளின் அண்மைய எதிர்வினைகளும் இந்த நுட்பத்தைப் பெரும்பாலும் தவறவிட்டன. சோனி நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு ஆட்டமொன்றில் மான்செஸ்டர் பேராலயத்துக்குள் துப்பாக்கிச் சண்டை நடப்பதாக வந்தபோது, இங்கிலாந்துத் திருச்சபை 2007இல் கண்டித்தது, நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. ஆலயத்தின் புனிதம் கெட்டது என்பதே முறையீட்டின் பெரும்பகுதி. அதே 2006இல் அமெரிக்காவில் வெளியான ‘லெஃப்ட் பிஹைண்ட்’ என்னும் கிறித்தவ ஆட்டத்தில், கொல்வதால் குறையும் ஆவிக்குரிய மதிப்பெண்ணைச் செபித்து மீட்டுக்கொள்ளலாம் என்று விதி வைத்தார்கள். மனமாற்றத்தைத் துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் வேலைபோல் ஆக்கிய அவ்விதி, பேராலயத்தில் சுடுவதைவிடப் பெரிய அவமதிப்பு. திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2007 சனவரியில் வெளியிட்ட சமூகத் தொடர்பு நாள் செய்தி, பொழுதுபோக்கின் பெயரால் வன்முறையை உயர்த்திப் பிடிக்கும் காணொளி விளையாட்டுகளைக் கண்டித்தது. ‘உயர்த்திப் பிடித்தல்’ என்னும் அளவுகோல் குறைந்தபட்சம் மனத்தை நோக்கித் திரும்புகிறது. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குத்திசு, தம் பிளேஸ்டேஷனுக்கு வாரம் ஒரு மணிநேரம் என்று தாமே வரம்பிட்டுக்கொண்டதாகக் கூறுவர். மறைக்கல்வி வகுப்புகளில் இனி இச்செய்தி ஓயாமல் ஒலிக்கும். மிலான் நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளையின் தன்னடக்கத்தை அப்படியே ஏலமலைக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கு வருமுன் ஆட்டத்தின் விதியையே ஒருமுறை நோக்க வேண்டும்.

பப்ஜி வகை ஆட்டத்தின் முழு அமைப்பு, ஏறத்தாழ நூறு பேர் ஒரு தீவில் இறங்குவது, சுருங்கும் வட்டத்துக்குள் தொண்ணூற்றொன்பது பேர் அழிவது, ஒருவன் மிஞ்சுவது என்பதாகும். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் வரும் ஆயனும் நூறு ஆடுகள் உடையவன். அவன் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுத் தொலைந்த ஒன்றைத் தேடிப் போகிறான். எண்கள் ஒத்துப்போவது தற்செயலே, அதிலிருந்து எதையும் நிறுவ இயலாது. ஆனால் இரண்டு விதிகளின் போக்கும் எதிரெதிரானது என்பது தற்செயலன்று: ஒன்றில் மிஞ்சும் ஒருவனுக்காக மற்றவர் அனைவரும் தேவையற்றவராகின்றனர், மற்றதில் ஒருவன்கூடத் தேவையற்றவனாவதில்லை. சதுரங்கத்திலும் காய் வெட்டப்படுகிறது, கபடியிலும் ஆள் வெளியேறுகிறான் என்று கூறுவோருக்கு, அவ்வாட்டங்களில் வெளியேறுதல் மனிதனின் சாவாக உருவகிக்கப்பட்டு இன்பமாக்கப்படவில்லை என்பதே விடை. இவ்வாட்டத்திலும் இரக்கத்துக்கு ஓரிடம் உண்டு. வீழ்ந்த தோழனை அருகில் மண்டியிட்டு எழுப்பலாம், அதற்காகத் தன் உயிரைப் பணயம் வைக்கும் சிறுவர்களும் உண்டு. அந்த இரக்கம் தன் அணியோடு நின்றுவிடுகிறது. தன்னை நேசிப்பவரை மட்டும் நேசிப்பதில் சிறப்பென்ன என்று மலைப்பொழிவு கேட்பது இதனைத்தான். ஆனால் அந்தக் கேள்விக்குத் தொடக்கப் புள்ளியாக அச்சிறுவனின் மண்டியிடுதலைக் கொள்ளும் ஆசிரியர், பாவம் என்று ஒரே சொல்லில் முடிப்பவரைவிட நெடுந்தூரம் செல்ல முடியும்.

இனி, யாரிடம் இக்கேள்வியைக் கேட்பது? ஏலம் என்னும் ஒரே சொல் செடியையும் விற்பனையையும் குறிக்கும் இவ்வூரில், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேலக் கூடத்துக்கு வரும் காய் பெரும்பாலும் மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களில் விளைவது. அங்கே களையெடுக்கவும் காய் எடுக்கவும் கூலியாள்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகச் சென்று மாலையில் திரும்புகின்றனர்; மற்றவர் ஊருக்குள் காய் தரம் பிரிக்கும் கிடங்குகளில் அமர்கின்றனர். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் திறன்பேசிக்கு வந்தபோது, பிள்ளைக்குப் பேசி வாங்கித் தருவது கல்விக் கடமையாயிற்று. பள்ளி திறந்தபின் பேசி திரும்பப் போகவில்லை. இந்நிலையில் ‘பெற்றோர் உடனிருந்து கண்காணிக்க வேண்டும்’ என்னும் நகர்ப்புறத் திருச்சபையின் அறிவுரை, ஜீப்பில் போய்விட்ட தாயிடம் கூறப்படுகிறது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பதினான்காம் அதிகாரத்தில் பவுல் உணவைப் பற்றிக் கூறிய தீர்வு, உண்பதா உண்ணாதிருப்பதா என்பதை அவரவர் மனச்சான்றுக்கு விட்டுவிட்டு, பிறனுக்கு இடறலாக எதையும் வைக்காதிருக்கும் கடமையை வலியவன்மேல் சுமத்துகிறது. இதை இங்கே பொருத்தினால் முதற் குற்றவாளி பதின்மூன்று வயதுச் சிறுவன் அல்லன். மாலை ஐந்து மணிவரை ஆளில்லாத வீட்டையும், கதவு பூட்டிய ஆலய வளாகத்தையும் அவனுக்கு விட்டுவைத்த பெரியோரே வலியவர்.

போதகர்களும் பங்குத்தந்தையரும் இப்பொருளில் அடுத்த பிரசங்கத்தை எழுதுமுன் தங்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். விடுமுறை வேதாகமப் பள்ளி மே மாதத்தில் முடிந்துவிடுகிறது. காய் எடுப்பு அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.