வேலை போன பூனைக்கு ஒரு பேப்பர் உருண்டை

இன்னைக்கு நாம பேசப்போறது பூனை பொம்மையோட வரலாறு. சிரிக்காதீங்க. ஆனா பொம்மைக்குப் போறதுக்கு முன்னாடி பூனையோட சம்பளத்தைப் பத்திப் பேசியாகணும்.

1868. லண்டன் தபால் துறையோட மணி ஆர்டர் அலுவலகம். எலிகள் காகிதங்களைக் கடிச்சுக் குதறுது. என்ன பண்ணலாம்னு மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, முறைப்படி மூணு பூனைகளை வேலைக்கு எடுக்கிறாங்க. படிச் செலவு வாரத்துக்கு ஒரு ஷில்லிங். ஆறு மாசம் ப்ரொபேஷன்! எலி குறையலைன்னா அந்த ஷில்லிங்கிலயும் வெட்டு. முழு வயித்துக்கும் போட்டுட்டா வேலை பார்க்காதுங்கிறதால மிச்சத்தை எலி பிடிச்சு சரிக்கட்டிக்கணும். ஐ.டி. கம்பெனி ஆஃபர் லெட்டரே இதைவிடக் கொஞ்சம் கருணையா இருக்கும்.

இந்த வேலை ரொம்பப் பழசு. மேற்கு ஆசியாவில் மனுஷன் தானியம் விளைவிச்சு சேமிக்க ஆரம்பிச்சதும் எலி வந்துச்சு, எலிக்குப் பின்னாடியே காட்டுப் பூனை வந்துச்சு. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனுஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை, 2004-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டாங்க. அவ்வளவு நீளமான சர்வீஸ்.

நாள் முழுக்க வேட்டைக்குப் போற பூனைக்கு யார் பொம்மை செஞ்சு கொடுப்பாங்க? பிரிட்டிஷ் மியூசியத்தில் பழைய எகிப்திலிருந்து வந்த ஒரு மர பொம்மை இருக்கு. கயிற்றை இழுத்தா வாய் திறந்து மூடும். அது பூனை மாதிரி செஞ்ச பொம்மை, பூனைக்காகச் செஞ்ச பொம்மை இல்லை. பூனையோட விளையாடினவங்க இருந்தாங்க, சந்தேகமில்லை. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் மான்டேய்ன், இந்த ஆட்டத்தில் யாருக்கு யார் பொழுதுபோக்குன்னு தன்னோட பூனையை வெச்சே சந்தேகப்பட்டிருக்கார். ஆனா அதுக்கெல்லாம் கைக்குக் கிடைச்ச ஏதோ ஒண்ணே போதுமா இருந்துச்சு.

அந்த "ஏதோ ஒண்ணு" என்னங்கிறதுக்கு எனக்குப் பிடிச்ச சாட்சி ஜப்பான்ல இருக்கு. அங்கே தெருவோரம் முளைக்கிற, நுனியில் பஞ்சு மாதிரி கதிர் ஆடுற ஒரு புல்லுக்கு மக்கள் வெச்ச பேர் 'நெகோஜராஷி'. பூனையைச் சீண்டி விளையாட வைக்கிறதுன்னு அர்த்தம். இன்னைக்கு ஜப்பான் கடைகளில் விற்கிற, குச்சி நுனியில் இறகு கட்டின பொம்மைக்கும் அதே பேர்தான். பொம்மைக்கு வெச்ச பேர் புல்லுக்குப் போகல, புல்லோட பேர்தான் பொம்மைக்கு வந்துச்சு.

இங்கதான் எனக்கு ஒரு சின்ன ஆச்சரியம். அந்தப் புல் நம்ம தினையோட காட்டு மூதாதை. ஆமா, தேனும் தினைமாவும்னு சொல்றோமே, அதே தினை. தானியத்தைக் காவல் காக்க வந்த பிராணிக்கு விளையாட்டுச் சாமானா ஒரு தானியத்தோட பாட்டி!

சரி, பூனைக்கு வேலை எப்போ போச்சு? பல காரணங்கள் உண்டு. நான் கைகாட்டுறது ஒரு மண் மூட்டையை. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோனு ஒருத்தர். பூனைக் கழிவுக்கு மணலோ சாம்பலோ போட்டுட்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா மணல் கேட்டு வர, தன்கிட்ட இருந்த உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்துப் பார்த்தார். நாத்தம் குறைஞ்சுச்சு, காலெல்லாம் சாம்பல் ஒட்டல. அதையே பையில் போட்டு 'கிட்டி லிட்டர்'னு விற்க ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் பூனை வெளியே போகவேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. கதவு சாத்தினாங்க. தட்டு நிறைய சாப்பாடு, எலி இல்லை, வேலை இல்லை. வேட்டை வெறி மட்டும் அப்படியே இருக்கு.

பொம்மை ஒரு தொழிலா வளர்ந்தது இந்த வெற்றிடத்தில்தான். 1995-ல் அமெரிக்காவில் 'பூனைக்கு உடற்பயிற்சி தரும் முறை'ன்னு ஒரு காப்புரிமையே கொடுத்தாங்க. என்ன முறைன்னு கேட்டா, லேசர் புள்ளியைத் தரையில் அடிச்சு அதைத் துரத்த விடுறது! எனக்கு அந்தப் புள்ளி மேல பெரிய மரியாதை இல்லை. எவ்வளவு ஓடினாலும் பல்லுக்கும் நகத்துக்கும் ஒண்ணும் சிக்காது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாரா ஹால், ஜான் பிராட்ஷா குழு செஞ்ச ஆய்வுகள் இதைவிடப் பயனுள்ளவை. பசியா இருக்கிற பூனை பொம்மையோட இன்னும் மூர்க்கமா விளையாடுது. அதாவது பூனைக்கு விளையாட்டும் வேட்டையும் கிட்டத்தட்ட ஒரே புரோகிராம். 2002-ல் வந்த இன்னொரு முடிவு: அதே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தா சில நிமிஷத்தில் சலிச்சிடுது. ஆனா அஞ்சு நிமிஷ இடைவெளியில் வேற நிறம், வேற வாசனை உள்ள பொம்மை வந்தா முதல் தடவையைவிட வேகமாப் பாயுது. சலிச்சது விளையாட்டில் இல்லை, அந்தப் பொருளில்தான்.

இதை வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்க. ஆயிரம் ரூபாய்க்கு ஒரே பொம்மை வாங்குறதைவிட, காசில்லாத நாலு பொம்மையை மாத்தி மாத்திக் கொடுக்கிறது மேல். கசக்கின செய்தித்தாள் உருண்டை. நுனியை முடிச்சுப் போட்ட பழைய சாக்ஸ். டிஷ்யூ ரோல் அட்டைக் குழாயில் ஓட்டை போட்டு, உள்ளே நாலு தீனி. எங்க வீட்டு நாலாவது மாடிப் பூனைக்கு இதுல பேப்பர் உருண்டைதான் சூப்பர் ஸ்டார், கிழியுதுங்கிற ஒரே காரணத்தால். இரை கிழியணும் இல்லையா?

ஒண்ணே ஒண்ணு கறாராச் சொல்லணும். பூனைன்னாலே காலண்டர் படத்தில் நூல்கண்டு இருக்கும். அந்தப் படத்தை நம்பாதீங்க. பூனை நாக்கில் பின்பக்கமா வளைஞ்ச முட்கள் இருக்கு, நூல் மாட்டினா துப்ப முடியாது, உள்ளேதான் போகும். குடலில் சிக்கினா ஆபரேஷன் வரைக்கும் போயிடும், சில சமயம் உயிருக்கே ஆபத்து. நூல், ரிப்பன், ரப்பர் பேண்ட் எதையும் பூனைகிட்ட விட்டுட்டு ஆபீசுக்குக் கிளம்பாதீங்க. குச்சியில் கயிறு கட்டி ஆட்டுறீங்கன்னா ஆட்டம் முடிஞ்சதும் அலமாரிக்குள்ள பூட்டிடுங்க.

வெளியே போய் வர்ற பூனைன்னா, உங்க அஞ்சு நிமிஷத்துக்கு வெளியே இருக்கிற சின்னப் பிராணிகளும் நன்றி சொல்லும். எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 5 முதல் 10 நிமிஷம் விளையாட்டு காட்டின வீடுகளில் பூனைகள் வேட்டையாடிக் கொண்டுவந்த இரை 25% குறைஞ்சது.

ஜப்பான்காரங்க புல்லுக்குப் பூனை பேர் வெச்சாங்கன்னு சொன்னேன்ல? நாமளும் வெச்சிருக்கோம். வேலியோரம் முளைக்கிற குப்பைமேனிக்கு இன்னொரு பேர் பூனைவணங்கி. அதோட வேரைப் பிடுங்கினா பூனைகள் தேடி வந்து மோந்து உருளும். உங்க ஊரில், உங்க பாட்டி வீட்டில் பூனைக்குன்னு வேற என்ன செடி, என்ன விளையாட்டு இருந்துச்சு? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் போடுறேன்.